கருநிற மேலிலைச் சுருட்டின் தரத்தைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி?

கறுப்பாக இருப்பதாலேயே ஒரு சுருட்டு காட்டமானது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சுருட்டின் வெளிப்புறத்தைச் சுற்றியிருக்கும் இலைதான் மேலிலை. மதுரோ எனப்படும் கருநிற மேலிலை, கூடுதல் வெப்பத்தில் நீண்ட காலம் நொதிப்பதால்தான் அந்த நிறத்தையும் இலேசான இனிப்பையும் பெறுகிறது. நிகோடின் காட்டமோ பெரும்பாலும் உள்ளே வைத்துச் சுற்றிய இலைகளைப் பொறுத்தது. செடியின் உச்சியில் நன்றாக வெயில் குடித்து வளரும் லிஹேரோ இலை அதிகம் இருந்தால் பழகாதவருக்குத் தலை சுற்றும்.

பற்றவைக்கும் முன் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டால் புகை சீராக வராது. மேலிலை தடித்துக் கரடுமுரடாக இருப்பது குறையல்ல. மை பூசியதுபோல் ஒரே கறுப்பாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம், சாயம் ஏற்றுபவர்களும் உண்டு.

புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் நிறுத்தி, அதில் சிறிதளவை மூக்கு வழியே விடுங்கள். மிளகுக் காரம், கொக்கோ, காபி, மண்வாசனை எல்லாம் பிரிந்து தெரிவது அப்போதுதான். நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்தால் போதும். அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும்; பழி இலைமேல் விழும்.

என் தீர்ப்பு கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான். அங்கேயும் இனிப்பும் காரமும் மாறி மாறி வந்தால் நல்ல சரக்கு. வெறும் கரிச்சுவை மிஞ்சினால் அணைத்துவிடலாம். சாம்பல் எவ்வளவு நீளம் நிற்கிறது என்பதை நான் பொருட்படுத்துவதில்லை.