மகள் வாஸ்குலர் சர்ஜன் ஆக வேண்டும் என்கிறாள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா,

எம்.பி.பி.எஸ். முதல் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், அனாட்டமி (உடற்கூறியல்) வகுப்பில் அக்குள் பகுதியை டிஸெக்‌ஷன் செய்ததிலிருந்து "வாஸ்குலர் சர்ஜன்தான் ஆவேன்" என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ரத்தக்குழாய்க்கென்று தனி டாக்டரா, எத்தனை வருடம் படிக்க வேண்டும், பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பவை உங்கள் கேள்விகள். அவள் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம் இப்போதே முடிவு கட்டவும் அவசரம் இல்லை.

அவளைப் பிடித்து இழுத்தது எது என்று தெரிந்தால் அவளோடு பேச உங்களுக்கு எளிதாக இருக்கும். கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், முதல் விலா எலும்பின் வெளி ஓரத்தைத் தாண்டியதும் ஆக்ஸிலரி ஆர்ட்டரி, அதாவது அக்குள் தமனி ஆகிறது. பெக்டொராலிஸ் மைனர் என்ற தசை அதன் குறுக்கே போவதால் மூன்று பகுதிகளாகப் பிரித்துப் படிப்பார்கள். முதல் பகுதியில் ஒரு கிளை, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது. கிளைகளின் பெயரை ஒப்பிக்க எல்லாப் பிள்ளைகளாலும் முடியும். கைக்குப் போகும் நரம்புகள் அந்தத் தமனியைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "இங்கே அடிபட்டால் கை என்ன ஆகும்?" என்று கேட்கிற பிள்ளைகள் கொஞ்சம்தான். உங்கள் மகள் அப்படிக் கேட்கிறவளா என்று கவனியுங்கள். மதிப்பெண்ணைவிட நான் அதைத்தான் பெரிதாகப் பார்ப்பேன்.

ஏனென்றால் அந்தக் கேள்விக்கான பதில்தான் பின்னாளில் அவளுடைய வேலை. பைக் விபத்திலோ, வயதானவர் விழுந்து தோள்மூட்டு நழுவும்போதோ இந்தத் தமனி கிழியலாம். தோள்பட்டை எலும்பைச் சுற்றிக் கிளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், தமனி சேதமான பிறகும் மணிக்கட்டில் நாடி தட்டுப்படக்கூடும். அதை நம்பி ஏமாறாமல் உடனே ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்ல, முதல் ஆண்டுப் பாடம் நினைவில் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், டகயாசு ஆர்ட்டரைட்டிஸ் என்ற தமனி அழற்சி நோய் இளம் பெண்களை அதிகம் தாக்குகிறது. கைக்குப் போகும் குழாய்கள் அதில் சுருங்கி, ஒரு கையில் நாடியே கிடைக்காமல் போகலாம். எனக்கு மிகவும் வியப்பானது 1963-ல் அறிமுகமான ஆக்ஸிலோ-ஃபெமரல் பைபாஸ். வயிற்றைத் திறந்து பெரிய ஆபரேஷன் செய்தால் தாங்க மாட்டார் என்ற நோயாளிக்கு, அக்குள் தமனியிலிருந்து தோலுக்கடியில் ஒரு செயற்கைக் குழாயை இடுப்பு மடிப்பு வரை கொண்டுபோய், காலுக்கு ரத்தம் கொடுக்கிறார்கள்!

ஆனால் அன்றாடம் வரும் நோயாளிகள் வேறு. நம் ஊரில் இந்தத் துறை பெரும்பாலும் காலைக் காப்பாற்றும் துறை. சர்க்கரை நோயால் கால் கறுத்தவர்கள், புகைபிடித்து விரல்களை இழக்கும் நிலையில் இருப்பவர்கள், காலில் சிரைகள் புடைத்துச் சுருளும் வெரிகோஸ் வெயின், டயாலிசிஸுக்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போடுவது. இதைக் கேட்ட பிறகும் அவளுக்கு ஆர்வம் குறையவில்லை என்றால் நல்ல அறிகுறி.

படிப்பு நீளம்தான். இன்டர்ன்ஷிப் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. நீட் பி.ஜி. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை 3 ஆண்டு. அப்புறம் உயர் சிறப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். எழுதி எம்.சிஎச். வாஸ்குலர் சர்ஜரி என்ற பட்டமோ, அதற்கு இணையான டி.ஆர்.என்.பி.யோ இன்னொரு 3 ஆண்டு. இடையில் ஓர் ஆண்டுகூட வீணாகாமல் போனாலும் 30 வயதை ஒட்டித்தான் முடியும். இடங்கள் குறைவு. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தப் படிப்பு இருப்பது நமக்கு வசதி. எம்.எஸ். முடித்த நிலையில் மனம் மாறினாலும் நஷ்டம் இல்லை. அதற்குள் அவள் ஒரு முழுமையான சர்ஜன்.

பெண் பிள்ளை பற்றிக் கேட்டீர்கள். திறமையில் ஆண் பெண் வேறுபாடு எதுவும் இல்லை. ரத்தம் முழுதாக நின்றுபோன கையையோ காலையோ ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டியிருப்பதால், நடுராத்திரி அழைப்புகள் வரும். ஸ்டென்ட் வைக்கும் வேலைகளை எக்ஸ்ரே கதிர்களின் அடியில் செய்வதால், கர்ப்ப காலத்தில் வேலையைத் திட்டமிட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கல்யாணம் பேசும்போது இந்த இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். படிப்பை நிறுத்த இவை காரணம் ஆகாது.

இப்போதைக்கு அவள் அனாட்டமியை நன்றாகப் படிக்கட்டும். சர்ஜரி போஸ்டிங் வரும்போது, வாஸ்குலர் புறநோயாளிப் பிரிவில் சில நாள் உட்கார அனுமதி கேட்கட்டும். இன்டர்ன்ஷிப்பில் விபத்துப் பிரிவில் இருக்கும் வாரங்களைத் தட்டிக்கழிக்க வேண்டாம். தூக்கமில்லாத அந்த வாரங்களுக்குப் பிறகும் இதே ஆசை இருந்தால் நீட் பி.ஜி.க்குத் தயாராகச் சொல்லுங்கள்.

இளைய மகன் வாஸ்குலர் அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் படிப்பு பற்றிக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வெளிநாடுகளில் அது தனித் தொழில். இந்தியாவில் ஸ்கேன் கருவிகள் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனைப் பெரும்பாலும் டாக்டர்களே செய்கிறார்கள். இங்கேயே வேலை பார்ப்பது அவன் எண்ணம் என்றால், ஆஞ்சியோகிராம் எடுக்கும் கேத் லேப் சார்ந்த கார்டியாக் டெக்னாலஜியையோ, இதய ஆபரேஷனில் இதய-நுரையீரல் கருவியை இயக்கும் பெர்ஃப்யூஷன் டெக்னாலஜியையோ முதலில் விசாரிக்கட்டும். பணம் கட்டும் முன் கல்லூரிக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.