கல்லூரி ஆண்கள் வாலிபாலில் மிகச் சிறந்த பயிற்சியாளர் யார்? ஏன்?

கல்லூரியில் மூன்று வருடம் லிஃப்டராக (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) ஆடியவன் நான் (சரி, அதில் இரண்டு வருடம் பெஞ்சுதான்). இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் சொல்ல எனக்கு ஒரு பெயர் இருக்கிறது: அல் ஸ்கேட்ஸ். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்கு 1963-லிருந்து 2012 வரை பயிற்சியாளராக இருந்தவர். 50 சீசன், 1,239 வெற்றி, 290 தோல்வி, 19 என்சிஏஏ கோப்பை (அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியக் கோப்பை). அதே பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துக்குப் பயிற்சியாளராக இருந்த ஜான் வுடனை அமெரிக்காவே கும்பிடும். அவர் வாங்கியது 10. ஸ்கேட்ஸ் பெயரை வாலிபால் பக்கம் வராத ஆளிடம் சொன்னால் "அது யாரு?" என்றுதான் கேட்பார்.

ஆண்கள் வாலிபாலுக்கு அங்கே எப்போதும் கடைசிப் பந்திதான். அவர் காலத்தில் அணி மொத்தத்துக்கும் நாலரை முழு உதவித்தொகைதான் அனுமதி. அதைத்தான் பத்துப் பதினைந்து பையன்களுக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்கேட்ஸே பல வருடம் பகலில் பெவர்லி ஹில்ஸில் ஒரு தொடக்கப் பள்ளியில் பி.டி. வாத்தியார். சின்னப் பிள்ளைகளுக்கு விசில் ஊதிவிட்டு வந்துதான் சாயங்காலம் நாட்டின் முதல் அணிக்கு விசில் ஊதியிருக்கிறார்.

லிஃப்டராக இருந்ததாலோ என்னவோ, அவருடைய 1979 அணி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த சீசனில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோல்வி இல்லை. அதில் சின்ஜின் ஸ்மித், கார்ச் கிராய் என்று இரண்டு லிஃப்டர்கள். பின்வரிசையில் இருப்பவர் வலைக்கு ஓடிவந்து பந்தைத் தூக்கிக் கொடுப்பார், முன்வரிசையில் இருப்பவர் அடிப்பார். ஆட்கள் இடம் சுற்றி முன்வரிசை பின்வரிசை மாறினால் வேலையும் மாறும். இதனால் முன்வரிசையில் எப்போதும் மூன்று அட்டாக்கர்கள். ஒரே லிஃப்டரை வைத்து ஆடினால் அவர் முன்னால் வரும் மூன்று சுற்றிலும் அடிக்க இரண்டே பேர்தான், எதிரணி பிளாக்கருக்குக் கொண்டாட்டம். கேட்க எளிது. ஆனால் தூக்கவும் அடிக்கவும் தெரிந்த இரண்டு பேர் ஒரே அணியில் கிடைக்க வேண்டுமே! எங்கள் கல்லூரியில் ஒருமுறை முயன்றோம். பந்து நடுவில் விழும், இரண்டு லிஃப்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். கிராய் அப்போது முதலாமாண்டு மாணவர். பின்னால் 1984, 88-இல் உள்ளரங்கிலும் 96-இல் கடற்கரை வாலிபாலிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அதே ஆள்தான்.

1982-லும் தோல்வியே இல்லை. 1984-இல் 38–0. அப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் கையில் இருந்தால் யாரும் ஜெயிப்பார்கள் என்று வாதாடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது 2006.

அந்த வருடம் ஸ்கேட்ஸுக்கு வயது 66. கடைசிக் கோப்பை வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. முந்தைய வருடம் இறுதி ஆட்டம் வரை போய் பெப்பர்டைன் பல்கலைக்கழக அணியிடம் தோற்றிருந்தார்கள். இதற்கிடையில் ஆட்டமே மாறிவிட்டது. சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டும் புள்ளி என்று இருந்த காலத்தில் வளர்ந்தவர், இப்போது ஒவ்வொரு பந்துக்கும் யாருக்காவது புள்ளி. லிபரோ என்று பின்வரிசையில் பந்தை எடுக்க மட்டும் ஒரு புது ஆள் வேறு. சீசன் பாதிக்கு மேல் போனபோது அணியின் கணக்கு 12 வெற்றி, 12 தோல்வி. தேசியப் போட்டிக்கு அன்று மொத்தமே நான்கு அணிகள்தான் போக முடியும்.

எங்கள் அணி ஒரு ஜோனல் போட்டியில் முதல் இரண்டு ஆட்டம் தோற்றதும் எங்கள் சார் பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலையில் இட்லி வாங்கிக் கொடுத்தபோதும் பேசவில்லை. மூன்றாவது ஆட்டத்துக்கு இறங்கினோம். ஆறு பேர் கண்ணும் பந்தில் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் முகத்தில்தான் இருந்தது. எதிரணி சர்வீஸ் போடும் முன்பே தோற்றாயிற்று. இரண்டு தோல்விக்கே இந்தக் கதி. 12 தோல்விக்கு அப்புறம் ஒரு அணியைப் பயிற்சிக்கு வரவைப்பதே எவ்வளவு பெரிய வேலை என்று அதனால்தான் எனக்குப் புரிகிறது.

அந்த அணி அதற்குப் பிறகு தோற்கவே இல்லை. வரிசையாக 14 வெற்றி. இறுதி ஆட்டம் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணியுடன், அதுவும் பென் ஸ்டேட்டின் சொந்த அரங்கில். 3–0. அதுதான் 19-ஆவது கோப்பை, அவருடைய கடைசிக் கோப்பையும்கூட.

2012-இல் அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வந்தவர் ஜான் ஸ்பெரா, 90-களில் ஸ்கேட்ஸிடம் ஆடிய பையன். அவர் 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பை வாங்கினார். அது ஸ்கேட்ஸ் கணக்கில் வராதுதான். நான் சேர்த்துக்கொள்வேன்.