காந்தாரி தன் மகனைக் கண்டிக்கவே இல்லையா? – கடிதம்

வணக்கம் ஐயா,

காந்தாரிமேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம். கண்ணைக் கட்டிக்கொண்டது அவள் விருப்பம், சரி. மூத்தவன் அத்தனை அக்கிரமம் செய்தபோது பெற்ற தாய் ஒரு வார்த்தை கண்டித்திருக்கக் கூடாதா? கடைசியில் அவன் உடம்பை இரும்பாக்க மட்டும் கட்டை அவிழ்த்தாளே, அது என்ன பாசம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த இரும்பு உடம்புக் கதை வியாசரில் இல்லை. பின்னால் வந்து சேர்ந்து, தொலைக்காட்சித் தொடரால் வீடுவீடாகப் போன கதை அது. அதை வைத்து அவளை எடைபோட வேண்டாம்.

கண்டித்தாளா என்று கேட்கிறீர்கள். சபா பருவத்தில், பாண்டவர்களை இரண்டாவது முறை சூதுக்கு அழைக்கும்போது, இந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிடுங்கள், குலம் பிழைக்கட்டும் என்று புருஷனிடம் நேராகவே சொல்கிறாள். பெற்ற மகனைப் பற்றி ஒரு தாய் இதற்குமேல் என்ன சொல்வாள்? திருதராஷ்டிரன் சொன்ன பதில்தான் கொடுமை: குலம் அழிந்தால் அழியட்டும், என்னால் தடுக்க முடியாது.

அப்புறம் உத்தியோக பருவம். கண்ணன் தூது வந்திருக்கிறான், துரியோதனன் கோபித்துக்கொண்டு சபையை விட்டு எழுந்து போய்விட்டான், எல்லாம் கைமீறிய பிறகுதான் காந்தாரியைக் கூட்டிவரச் சொல்கிறார்கள். வந்ததும் அவள் முதலில் பிடித்தது மகனை அல்ல, அரசனை. இவன் கெட்டவன் என்று தெரிந்தே இவன் போக்கில் போனீர்களே, பெரிய பழி உங்களுக்குத்தான் என்கிறாள். பிறகு மகனிடம், போரில் நன்மையும் இல்லை, அறமும் இல்லை, பொருளும் இல்லை, அப்புறம் சுகம் எங்கிருந்து வரும், பாண்டவர்களுக்கு உரியதைக் கொடுத்துவிடு என்று நெடுநேரம் எடுத்துச் சொல்கிறாள். அவன் மறுபடியும் எழுந்து போய்விட்டான். போர் நடந்த 18 நாளும் வெற்றிக்கு ஆசி கேட்டு வந்தவனிடம், அறம் எங்கேயோ வெற்றி அங்கே என்றுதான் சொல்லியனுப்பினாள். வென்று வா என்று ஒரு நாள்கூட அவள் வாயில் வரவில்லை.

அவளைத் தெய்வமாக்க நான் வரவில்லை. குந்திக்கு முதலில் பிள்ளை பிறந்தது என்று கேட்டு ஆற்றாமையில் தன் வயிற்றிலேயே அடித்துக்கொண்டவள்தான். போர் முடிந்ததும் பாண்டவர்களைச் சபிக்கத் துணிந்தாள், வியாசர் வந்து தடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே காந்தாரிதான் ஸ்திரீ பருவத்தில் அபிமன்யு உடலருகே அழும் உத்தரைக்காகவும் புலம்புகிறாள். எதிரி வீட்டு மருமகள் என்று ஒதுக்கவில்லை.

உங்கள் கோபம் புதிதும் அல்ல. முடிந்தும் ஏன் இந்த அழிவைத் தடுக்கவில்லை என்று கேட்டு அவள் கண்ணனைச் சபிக்க, 36 ஆண்டில் உன் குலமும் இப்படியே அடித்துக்கொண்டு சாகும் என்று சொல்ல, அவனும் ஏறக்குறைய நீங்கள் சொல்வதையே திருப்பிச் சொல்கிறான்: உன் குற்றத்தால்தான் கௌரவர்கள் அழிந்தார்கள், துரியோதனனை நீ தலையில் தூக்கிவைத்தாய் என்று. காந்தாரி பதில் பேசவில்லை. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் என்னால் கண்ணன் பக்கம் நிற்க முடியவில்லை. அவள் மகனைக் கண்டித்த அன்று அவனும் அந்தச் சபையில்தான் இருந்தான்.