கூலிங் மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரியாகத் தேட வேண்டுமா?

கேள்வி: என் அண்ணன் குழந்தை பிறந்தவுடன் அழவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்று நாள் உடம்பைக் குளிர வைத்திருந்தார்கள். இப்போது குழந்தை நன்றாக இருக்கிறது. என் மனைவிக்கு இது எட்டாம் மாதம். பிரஷர் இருப்பதால் 34, 35 வாரத்திலேயே எடுக்க வேண்டி வரலாம் என்கிறார் டாக்டர். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், “எங்கள் ஆஸ்பத்திரியில் கூலிங் மெஷின் இருக்கிறது, இப்போதே முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிடுங்கள்” என்கிறார். என் அம்மாவோ பிறந்த பிள்ளைக்குச் சூடுதான் முக்கியம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள். முன்பணம் கட்டாதீர்கள்.

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அந்தச் சிகிச்சை பொதுவாக 36 வாரம் நிறைந்த குழந்தைகளுக்கு உரியது. சில இடங்களில் 35 வரை இறங்குவார்கள், அவ்வளவுதான். உங்கள் குழந்தை டாக்டர் சொல்கிற கணக்கில் பிறந்தால், அந்த மெஷின் பக்கத்து அறையில் இருந்தாலும் பெரும்பாலும் அதில் படுக்க வைக்கக் கூடாது. இது அந்த ‘தெரிந்தவரின் ஆளுக்கு’த் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தே சொல்லியிருக்கவும் கூடும். அட்டையில் பி.ஆர்.ஓ. என்று போட்டுக்கொண்டு சுற்றுகிறவர்கள் எத்தனையாவது வாரம் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் அண்ணன் குழந்தைக்கு என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்ஸிஜன் தடைபட்டால் பாதிப்பு ஒரே அடியில் முடிவதில்லை. முதலில் ஒரு அடி. பிறகு குழந்தை கொஞ்சம் தேறியது போலத் தெரியும். சில மணி நேரம் கழித்து மூளை செல்கள் இரண்டாவது சுற்றாக அழிய ஆரம்பிக்கும். இந்த இரண்டாவது சுற்றை மட்டுப்படுத்தத்தான் உடம்பைக் குளிர வைக்கிறோம். பிறந்த 6 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் நிறுத்தி, அப்புறம் மணிக்கு அரை டிகிரிக்கு மேல் ஏறாமல் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். இவ்வளவு நேரமும் உடம்புக்குள் ஒரு வெப்பமானி இருக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறைகிற தன்மை, வலிப்பு வருகிறதா என்று ஆள் விடாமல் பார்ப்பார்கள். சிகிச்சை என்பது இந்தக் காவல் முழுவதும் சேர்ந்தது. மெஷின் அதில் ஒரு பங்குதான்.

காவல் இருந்தும் எல்லா இடத்திலும் ஒரே பலன் கிடைக்கவில்லை. பணக்கார நாடுகளின் ஆய்வுகளில் இது மரணத்தையும் ஊனத்தையும் தெளிவாகக் குறைத்தது. நம் பக்கம் இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் 408 குழந்தைகளிடம் ஹெலிக்ஸ் என்ற ஆய்வு நடந்தது. சென்னையும் அதில் உண்டு. 2021-ல் முடிவு வந்தது. பலன் இல்லை. குளிர வைத்தவர்களில் 42 சதவீதமும், வைக்காதவர்களில் 31 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஏன் இப்படி என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. பாதிப்பு வயிற்றுக்குள்ளேயே முன்கூட்டி நடந்துவிடுகிறது என்கிறார்கள் சிலர், தேர்ந்தெடுத்த விதத்தையும் தீவிர சிகிச்சையின் தரத்தையும் குறை சொல்கிறார்கள் சிலர். உங்கள் அண்ணன் குழந்தைக்குச் செய்தது தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. முழு வசதியுள்ள பிரிவுகளில் சரியான குழந்தைகளைப் பார்த்து இன்றும் செய்கிறோம். ஆனால் டி.வி., ஏ.சி. உள்ள தனி அறை மாதிரி இதை விளம்பரப் பலகையில் போடுவதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

சரி, உங்கள் குழந்தைக்கு வருவோம். பிறக்கிற குழந்தை ஈரமாக வருகிறது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. தோள்பட்டைக்கு நடுவிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இருக்கிற பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும். அந்தக் கொழுப்பு சேர்வது கடைசி வாரங்களில். குறைமாதக் குழந்தையிடம் எரிக்கக் கையிருப்பு குறைவு. குளிர்ந்தால் சர்க்கரை இறங்கும், ஆக்ஸிஜன் தேவை கூடும், மூச்சு திணறும், ரத்தக் கசிவு அபாயம் ஏறும். குளிர வைக்கிற சிகிச்சையைக் குறைமாதக் குழந்தைகளுக்குத் தவிர்ப்பதும் இதனால்தான். அமெரிக்காவில் 33 முதல் 35 வாரக் குழந்தைகளிடம் முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள், உதவவில்லை. “ரெண்டு வாரம்தானே சார் குறைவு” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்த இரண்டு வாரம்தான் இங்கே விஷயமே.

உங்கள் குழந்தைக்கு வேண்டியது 36.5 முதல் 37.5 டிகிரி வரையிலான உடம்புச் சூடு. 36.5-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். 32-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து.

இந்தச் சூடு எங்கே போகிறது தெரியுமா? பிரசவ அறையில். சிசேரியன் தியேட்டரில் டாக்டருக்கு வியர்க்கிறது என்று ஏ.சி.யை 18-ல் வைப்பார்கள். அடுத்தது வண்டியில். ஒருமுறை வேறு ஊரிலிருந்து ஒரு குழந்தை எங்களிடம் வந்தது. ஈரத்துண்டில் சுற்றி, ஏ.சி. ஓடுகிற தனியார் ஆம்புலன்ஸில், ஒன்றரை மணி நேரப் பயணம். வந்தபோது 31.8 டிகிரி. கூடவே ஒரு ரெஃபரல் கடிதம். அதில் அப்பா பெயர், ஆதார் எண், முகவரி எல்லாம் இருந்தது. குழந்தையின் வெப்பநிலை மட்டும் இல்லை, அதை எழுதக் கட்டம்கூட அந்தப் படிவத்தில் கிடையாது. “கூலிங்தானே பண்ணப் போறீங்க, ஏற்கெனவே குளிர்ந்துதான் இருக்கு” என்றார் கூட வந்தவர். கட்டுப்பாடு இல்லாமல் குளிர்ந்து வருவதைச் சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த வண்டி வழியில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தாண்டித்தான் வந்தது. ஏன் தாண்டியது என்பது கமிஷன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தெரியும். குழந்தையை மாற்ற வேண்டி வந்தால் 108-ஐக் கூப்பிட்டு, பச்சிளங்குழந்தைக்கான வண்டி வேண்டும் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் அதற்கென்றே தனி வண்டிகள் இருக்கின்றன, காசு கிடையாது. எந்த ஆஸ்பத்திரி என்பதை டிரைவர் முடிவு செய்ய விடாதீர்கள். போகிற இடத்தில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் இருக்கிறதா என்று அனுப்புகிற டாக்டரே போன் செய்து உறுதிசெய்ய வேண்டும்.

ஆகவே பதிவு செய்யும் முன் மெஷினைப் பற்றிக் கேட்காதீர்கள். பிரசவத்தின்போது குழந்தைகள் டாக்டர் உள்ளே நிற்பாரா, குழந்தை அழாவிட்டால் முதல் நிமிடத்திலேயே மூச்சுக் கொடுக்கத் தெரிந்தவர் யார், குழந்தையைச் சூடாக வைக்கிற வார்மரை முன்னாலேயே போட்டு வைப்பார்களா, 34 வாரக் குழந்தையை அங்கேயே வைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் வந்தால் கட்டடம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை. மனைவியின் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றால் நேராக ஆஸ்பத்திரிதான்.

குழந்தை பிறந்த பிறகு வீட்டார் கையாலும் சில தப்புகள் நடக்கும். பிறந்த அன்றே குளிப்பாட்டக் கூடாது. முழுமாதக் குழந்தைக்கே ஒரு நாளாவது பொறுக்க வேண்டும், உங்கள் குழந்தைக்கு எப்போது என்று டாக்டர் சொல்லட்டும். வெந்நீர்ப் பையும் வெந்நீர் பாட்டிலும் பக்கத்தில் வேண்டாம், தோல் வெந்துபோய் வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அம்மா சொல்கிறார் என்று நாலு கம்பளியில் மூடிக் காய்ச்சல் போலச் சூடேற்றவும் வேண்டாம், அதுவும் கெடுதல். புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பாதம் மட்டும் ஜில்லென்றிருந்தால் குழந்தை சூட்டுக்காகப் போராடுகிறது, உடனே நெஞ்சோடு சேர்த்து அணையுங்கள். வயிறும் ஜில்லென்றிருந்தால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நெஞ்சோடு அணைப்பது என்றால் துணிக்கு மேலே அல்ல, தோலோடு தோலாக. கங்காரு முறை என்பார்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது, இன்று உலகமெங்கும் செய்கிறார்கள். அப்பாவும் செய்யலாம். முன்னால் பட்டன் வைத்த தொளதொள சட்டை ஒன்றும், குழந்தைக்கு ஒரு குல்லாவும் காலுறையும் இப்போதே எடுத்து வையுங்கள்.