கேலக்ஸி ஆராய்ச்சி மகளுக்கு ஒத்துவருமா? ஒரு மாதத்தில் பார்த்துவிடலாம்

கேலக்ஸிகளைப் படித்துப் பிழைக்க முடியுமா என்ற உங்கள் கவலை நியாயமானதே. இயற்பியலில் இளநிலை, முதுநிலை, பிறகு நான்கிலிருந்து ஆறு ஆண்டு முனைவர் பட்டம், அதற்கப்புறம் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களாகப் போஸ்ட்டாக் என்னும் தற்காலிக ஆராய்ச்சிப் பணி. நிரந்தரப் பேராசிரியர் பதவி பலருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் மகளுக்கு இது சரிப்படுமா என்று இப்போதே சோதிக்கலாம்.

பிரபஞ்சத்தில் விண்மீன்கள் பிறக்கும் வேகம் சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்தது. இன்று அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஏன் குறைந்தது, எந்தக் கேலக்ஸியில் முதலில் நின்றது என்பதே துறையின் கேள்வி. அழகான படங்களுக்கு இதில் வேலை குறைவு. பெரும்பாலும் அட்டவணையும் பிழைக் கணக்கும்தான்.

ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே என்னும் வான் கணக்கெடுப்பின் நிறமாலைகள் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவுகள்) இலவசம். செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) 0.05-ஐ ஒட்டிய முப்பது கேலக்ஸிகளைப் பைத்தானில் இறக்கச் சொல்லுங்கள். இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள வாயு உமிழும், 6563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு 6891-க்கு நகர்ந்திருக்கும். அந்தக் கோட்டின் பரப்பை அளந்து, தூரத்தை வைத்து ஒளிர்வாக்கி, ஆண்டுக்கு எத்தனை சூரிய நிறை விண்மீன்களாகிறது என்று கணக்கிட்டு, கேலக்ஸியின் விண்மீன் நிறைக்கு எதிரே மடக்கை அளவில் வரையட்டும். நிறை கூடக் கூட ஏறும் பட்டை தெரிய வேண்டும்.

முதல் தடவை தெரியாது. தூசு ஒளியை விழுங்கியிருக்கும்: ஹைட்ரஜனின் ஆல்ஃபா, பீட்டா கோடுகளின் விகிதம், தூசு இல்லாதபோது வரும் 2.86-க்குப் பதில் 4 என்று வந்தால், உண்மையான ஒளி அளந்ததைப் போல இரு மடங்குக்கும் மேல். தொலைநோக்கியில் ஒளியை வாங்கும் 3 விகலை (ஒரு விகலை பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அகலக் கண்ணாடி இழை, அந்தத் தூரத்தில் கேலக்ஸியின் நடுவே சுமார் 10,000 ஒளியாண்டு அகலத்தை மட்டுமே பார்க்கும். வெளிச்சுருள்களில் பிறப்பவை விடுபடும். நடுவில் தீவிரக் கருந்துளை இருந்தால் கோடு விண்மீன்களால் வந்ததே அல்ல. பக்கத்து நைட்ரஜன் கோடு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். எந்த நிறையில் எத்தனை விண்மீன்கள் பிறக்கும் என்பதற்குக் குரூபா, சால்பீட்டர் என வெவ்வேறு பரவல்கள் உண்டு. குரூபா பரவலில் கணக்கிட்ட நிறையோடு சால்பீட்டர் பரவலின் சூத்திரத்தைக் கலந்தால் சுமார் ஒன்றரை மடங்கு தவறும். தேறியவர்களும் கோட்டைவிடும் இடம் இது.

இந்தத் தவறுகளைத் துரத்த மகளுக்குப் பிடிக்கிறதா, சலிக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். பிடித்தால், இளநிலையில் வானியல் என்ற பெயரைத் தேட வேண்டாம். கணிதம், புள்ளியியல், மின்காந்தவியல் வலுவாக இருக்கும் இயற்பியல் படிப்பே போதும். பாதியில் துறை மாறினாலும் புள்ளியியலும் நிரலாக்கமும் தரவுப் பகுப்பாய்வு வேலைகளுக்குக் கைகொடுக்கும். கோடைப் பயிற்சிக்குப் பேராசிரியருக்கு எழுதும்போது அந்த வரைபடத்தையும் நிரலையும் இணைக்கட்டும். “சிறுவயதிலிருந்தே ஆர்வம்” என்ற வரியை விட்டுவிடலாம்.