டக் டக் சத்தத்துக்கு கேம்ஷாஃப்டா, ஒரு ஸ்குரூ திருப்பா?

கேள்வி: என்னிடம் 1997-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. மூன்று மாதமாக இன்ஜினின் மேல்பக்கத்தில் ‘டக் டக்’ என்று சத்தம். இழுவையும் குறைந்திருக்கிறது. மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றாமல், “கேம்ஷாஃப்ட் போய்விட்டது, பொருளும் கூலியும் சேர்த்து 11,000 ரூபாய் ஆகும்” என்கிறார். வீட்டில் ஸ்பேனர் செட் இருக்கிறது. ஆயில், பிளக் எல்லாம் நானே மாற்றுவேன். கேம்ஷாஃப்டை வாங்கி நானே மாற்றிக்கொள்ளலாமா? எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது? (ஈரோடு வாசகர்)

பதில்: மாற்றலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை எனக்குக் கொடுங்கள். மூடியைக் கழற்றாமல் கேம்ஷாஃப்டுக்குத் தீர்ப்பு எழுதியவரை நான் நம்பமாட்டேன். நாடி பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதும் வைத்தியம் இது.

உங்கள் வண்டியில் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்குள்ளேயே படுத்திருக்கிறது. டைமிங் பெல்ட் அதைச் சுற்றுகிறது. அதில் ஆறு முட்டை வடிவ மேடுகள். ஒவ்வொரு மேடும் ஒரு ராக்கர் ஆர்மைத் தூக்க, அதன் மறுமுனை வால்வை அமுக்குகிறது. அந்த முனையில் ஒரு ஸ்குரூவும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். ஸ்குரூ நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே தலைமுடி அளவுக்கு இடைவெளி விட வேண்டும். அது கூடிவிட்டால் வருவதும் இதே ‘டக் டக்’தான். அதற்கு மருந்து ‘டேப்பட் செட்டிங்’. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்.

எனவே இன்ஜின் ஆறியிருக்கும்போது மேல்மூடியான வால்வு கவரைத் திறந்து ஆறு இடைவெளிகளையும் அளந்து, மானுவலில் உள்ள அளவுக்கு வையுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பழைய ஸ்குரூவின் நுனியில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜின் தகடு குழியின்மேல் பாலம்போலக் கிடந்து பொய்க் கணக்குச் சொல்லும். தகடு சரியாக இருக்கிறது, சத்தம் மட்டும் போகவில்லை என்று பலர் தலையைச் சொறிவது இதனால்தான்.

சத்தம் நின்று, இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியும் திரும்பவில்லை என்றால் 11,000 ரூபாய் மிச்சம். வைத்த சில நாட்களில் அதே வால்வில் இடைவெளி மறுபடி கூடினால் உலோகம் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது மேடுகளை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நல்ல மேடு கண்ணாடிபோல வழுக்கும். தேய்ந்ததில் நகம் தட்டும், சொரசொரப்பும் கோடுகளும் தெரியும். மூன்று இன்டேக் மேடுகளும் ஒரே உயரம் இருக்க வேண்டும். மூன்று எக்ஸாஸ்ட் மேடுகளும் அப்படியே. ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது வாங்கும் கதை. கேம்ஷாஃப்டைத் தனியாக வாங்காதீர்கள். தேய்ந்த மேட்டின்மேல் ஓடிய ராக்கர் ஆர்மின் அடிப்பாகமும் தேய்ந்திருக்கும். அதைப் புதிய கேம்ஷாஃப்டின்மேல் வைத்தால் அரத்தை வைத்து ராவுவது போலத்தான். மேட்டின் கடினமான தோல் மெல்லியது. அது போய்விட்டால் உள்ளே இருக்கும் வார்ப்பிரும்பு வேகமாகக் கரையும். ஆகவே பட்டியல் இப்படி நீளும்: கேம்ஷாஃப்ட், தேய்ந்த ராக்கர் ஆர்ம்கள், கேம் ஆயில் சீல், வால்வு கவர் பேக்கிங், ஆயில், ஃபில்டர். பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லையென்றால் அதையும் சேருங்கள். எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள். முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். ஹெட் அலுமினியம், கைக்கணக்கில் முறுக்கினால் மரை போய்விடும், பிறகு லேத் பட்டறைக்கு நடக்க வேண்டியதுதான். இத்தனையும் கூட்டினால் உங்களுக்கு மிச்சமாவது கூலி மட்டும். அதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

கடையில் பெட்டியைப் பாருங்கள். பாகத்தின் எண், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதமும் ஆண்டும், புகாருக்கான தொடர்பு ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். பாகத்தின் எண் தவிர மற்றவை சட்டப்படி கட்டாயம். பெட்டி பிரபலமாகவும் விலை பாதியாகவும் இருந்தால் உள்ளே இருப்பது பெட்டியின் உறவுக்காரராக இருக்காது. பில்லில் ‘உதிரிபாகம் - 1’ என்று கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள். பாகத்தின் எண்ணையே எழுதச் சொல்லுங்கள்.

பழைய பொருள் போதும் என்றால் சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. அங்கே நான் ஒருமுறை ஏமாந்தேன். எண்ணெய் தடவி மின்னிய ஒரு கேம்ஷாஃப்டை, மேடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஹெட்டுக்குள் சுழலும் உருளைப் பகுதி ஒன்றில் ஆழமான கோடு. பூட்டும்போதுதான் கண்ணில் பட்டது. பில் இல்லை, அந்தக் கடைக்காரருக்கு என் முகமும் நினைவில்லை. பழையதை வாங்கினால் அதே இன்ஜினில் ஓடிய ராக்கர் ஆர்ம்களையும் சேர்த்துக் கேளுங்கள். சேர்ந்து தேய்ந்தவை சேர்ந்தே ஓடட்டும். மேட்டில் உலோகம் நிரப்பிக் கடைந்து தருகிறோம் என்பவர்களிடம் வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் போங்கள்.

வேலையைப் பற்றி மானுவல் சொல்லும். அது சொல்லாமல் விடுவதை மட்டும் சொல்கிறேன். மூடியைத் திறந்ததும் ஹெட்டில் ஆயில் இறங்கும் ஓட்டைகளைத் துணியால் அடையுங்கள். ஒரு ஸ்குரூ உள்ளே விழுந்தால் அது இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சம்புக்குப் போய்ச் சேரும். எத்தனை துண்டுத் துணி வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், மூடுவதற்கு முன் எண்ணுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை கேம்ஷாஃப்ட்தான் சுற்றுகிறது. கழற்றும் முன் அதற்குள் சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ராக்கர் ஷாஃப்ட் உள்ளே குழலானது. அதன் சிறு துளைகள் வழியாகத்தான் ஆயில் வருகிறது. அவற்றில் கசடு அடைத்திருந்தால் பழையது தேய்ந்த காரணம் அதுவே. அதைச் சுத்தம் செய்யாமல் புதியதைப் பூட்டினால் அடுத்த ஆண்டு இதே கேள்வியை எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.

பூட்டிய பிறகு சாவியைத் தொடாதீர்கள். கிராங்க் புல்லியை ஸ்பேனரால், அது வழக்கமாகச் சுற்றும் திசையில், முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒன்றுதான் சுற்றும். பெல்ட் குறிகள் இரண்டும் மறுபடி நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும் இழுவை போய்விடும். சுற்றும்போது நடுவில் ஏதோ தடுத்து நின்றால் பலம் காட்டாமல் கழற்றிப் பாருங்கள்.

கேள்வி: மதுரையில் என் காருக்கு கேம்ஷாஃப்ட் மாற்றியதாக பில் தந்தார்கள். பழையதைக் கேட்டால், “தூக்கிப் போட்டுவிட்டோம் மேடம்” என்கிறார்கள். மாற்றினார்களா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

பதில்: வாரண்டியிலோ, பழையதைக் கொடுத்துப் புதியது பெறும் ஏற்பாட்டிலோ மாற்றாதவரை பழைய பாகம் உங்களுடையது. இனி வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் ‘பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இப்போதைக்கு வேறொரு பட்டறையில் மூடியைத் திறந்து பாருங்கள்; ஆயிலில் ஊறிப் பழுப்பேறிய கேம்ஷாஃப்டைப் புதியது என்று யாரும் சொல்ல முடியாது. படம் எடுத்து, அந்த மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: அப்பாவின் பழைய அம்பாசிடர், 1,489 சிசி பெட்ரோல். இதற்கும் நானே கேம்ஷாஃப்ட் மாற்றலாமா?

பதில்: வேண்டாம். அதில் கேம்ஷாஃப்ட் ஹெட்டில் இல்லை, அதற்குக் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்குள் இருக்கிறது. ரேடியேட்டர், டைமிங் கவர், செயின், டிஸ்ட்ரிபியூட்டர், புஷ் ராடுகள், மேடுகளின்மேல் உட்காரும் டேப்பட்டுகள் என்று அனைத்தையும் கழற்றிய பிறகுதான் முன்பக்கமாக உருவ முடியும். அந்த இன்ஜினில் கை பழகிய மூத்த மெக்கானிக் ஒருவரைத் தேடுங்கள். கேம்ஷாஃப்டோடு டேப்பட்டுகளையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல், சுமார் 20 நிமிடம், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓடவிட வேண்டும். இதைக் கேட்டு அவர் சிரித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.