பெட்டியைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: எம்பிராய்டரி, மணி வேலை, அக்ரிலிக் ஓவியம், பாலிமர் களிமண் நகை, கொஞ்சம் கம்பளிப் பின்னல் என்று பல கைவேலைகள் செய்கிறேன். தனி அறை இல்லை. ஓர் அலமாரியும் ஒரு மேசையும்தான். ஒரே அளவில் இருபது பிளாஸ்டிக் பெட்டிகள் வாங்கி அடுக்கிய பிறகும், உட்கார்ந்தால் பாதி நேரம் தேடுவதிலேயே போகிறது. சில பொருள்கள் கெட்டும் போகின்றன. எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: உங்களுக்கு இடம் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டிகளை முதலில் வாங்கிவிட்டு, அவற்றுக்குள் பொருள்களைத் திணித்திருக்கிறீர்கள். அந்த ஒரே அளவுப் பெட்டி மணிகளுக்குக் குளம். கம்பளி உருண்டைகளுக்குச் சிமிழ். ஒரு விடுமுறை நாளில் எல்லாவற்றையும் விரிப்பில் கொட்டிவிட்டு, பெட்டிகளை ஓரமாக வைத்துவிடுங்கள்.

கத்தரிகள் ஒரு பக்கம், பசைகள் ஒரு பக்கம் என்று பொருள்வாரியாகப் பிரிக்கத்தான் கை போகும். அது விற்பவருக்கு உதவும் முறை. நீங்கள் வேலைவாரியாகப் பிரியுங்கள். எம்பிராய்டரிக்கு உட்காரும்போது வளையம், ஊசி, நூல், துணி, சிறு கத்தரி எல்லாம் ஒரே தட்டோடு மேசைக்கு வரவேண்டும். அதற்காக இன்னொரு கத்தரி வாங்க நேர்ந்தால் வாங்குங்கள். காகிதம் வெட்டிய கத்தரி மழுங்கிவிடும், துணிக்கு உதவாது என்பதால் எப்படியும் இரண்டு தேவை. பாதியில் நிற்கும் வேலைக்கென ஒரு தட்டைக் காலியாகவே விட்டுவையுங்கள். அது இல்லாததால்தான் பல வீடுகளில் மேசை நிரம்பிவிடுகிறது.

வாரந்தோறும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தட்டுகளில் இருக்கட்டும். கனமானவை கீழே, எப்போதாவது தேவைப்படுபவை மேலே.

பொருள்கள் கெடுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒவ்வொன்றையும் கெடுப்பது வேறு வேறு.

சூட்டில் இறுகும் பாலிமர் களிமண்ணுக்குக் காற்றால் ஆபத்தில்லை; வெப்பம்தான் ஆகாது. வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தால் அது மெல்ல வேகத் தொடங்கி உதிரியாகிவிடும். அதில் கலந்துள்ள இளக்கிப் பொருள் சில பிளாஸ்டிக்குகளையும் உருக்கிவிடும். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: 5 என்றால் பாலிப்ரோப்பிலீன், தாராளமாக வைக்கலாம், 6 என்றால் பாலிஸ்டைரீன், களிமண் அதில் படவே கூடாது. காற்றில் உலரும் களிமண் நேர் எதிர். அதைக் காற்றுப் புகாமல் இறுகச் சுற்றி வைக்கவேண்டும்.

அக்ரிலிக் வண்ணம் நீர் ஆவியானால் இறுகிவிடும். இறுகியதை மீட்க வழியில்லை. ஒவ்வொரு முறையும் குழாயின் கழுத்தைத் துடைத்துவிட்டு மூடுங்கள். திருகில் காய்ந்த வண்ணம் இருந்தால் மூடி சரியாக உட்காராது. உறையும் குளிரும் இதற்கு ஆகாது.

எம்பிராய்டரி நூலை வெளிச்சம் வெளுக்கச் செய்யும். சிட்டத்தைப் பிரித்து அட்டையில் சுற்றியவுடன் அதன் நிற எண்ணை அட்டையிலேயே எழுதிவிடுங்கள். காகிதப் பட்டை தொலைந்தபின் அதே நிறத்தைத் தேடுவது பெரும்பாடு. நூலை ரப்பர் பேண்டால் கட்டவே கட்டாதீர்கள். ரப்பர் நாளடைவில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். அப்படிப் படிந்த கறை என் பழைய சிட்டங்கள் சிலவற்றில் இன்றும் போகவில்லை.

கம்பளியையும் பட்டு நூலையும் அந்துப்பூச்சியின் புழு தின்னும். அழுக்கும் வியர்வையும் பட்டிருந்தால் இன்னும் விரும்பி வரும். சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி, இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். பருத்தி நூலுக்கும் அக்ரிலிக் நூலுக்கும் அந்தப் பயம் குறைவு.

மணிகளுக்குத் திருகுமூடி உள்ள சிறு புட்டிகளே நல்லவை. அழுத்தி மூடும் டப்பா கைதவறி விழுந்தால் அறையெங்கும் பொறுக்கவேண்டியிருக்கும். வெள்ளிக் கம்பியையும் கொக்கிகளையும் தனித்தனி ஜிப் பையில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். ரப்பரிலும் கம்பளியிலும் கந்தகம் உண்டு. உடனடிப் பசையை (சூப்பர் குளூ) இறுகச் செய்வது காற்றின் ஈரம். அதனால் அதையும் சிலிக்கா ஜெல்லோடு ஒரு மூடிய புட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். காகிதங்களைப் படுக்கையாக வைத்தால் போதும்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால், நகைக் கொக்கிகளில் வரும் குட்டிக் காந்தங்களைக் கட்டாயம் பூட்டி வையுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் அவை குடலின் மடிப்புகளை இடையில் வைத்து ஒன்றையொன்று கவ்வி, குடலில் ஓட்டை போட்டுவிடும். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் பிரித்தபின் பெட்டிகளுக்கு வாருங்கள். பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாமல் முன்பக்கத்தில் ஒட்டுங்கள். அடுக்கியபின் மூடி தெரியாது. வண்ணம், பசை ஆகியவற்றில் திறந்த தேதியையும் எழுதுங்கள். உங்கள் இருபதில் எண் 6 உள்ளவை இருந்தால் தூக்கி எறியவேண்டாம், துணியும் பருத்தி நூலும் அவற்றில் பத்திரமாக இருக்கும்.